கல் பட்ட கண்ணாடி

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் 38ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் என்று கரிசல் காட்டின் நடுவே வந்து குறுக்குச்சாலையைத் தொடுகிறது. ஓட்டப்பிடாரத்துக்காரர்கள் இந்த நெடுஞ்சாலைக்கு வந்து ஏறும் இடம் அது. ஓட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ.உ.சி.யின் பெயரைத் தாங்கிய துறைமுகத்துக்குப் போகிற, அங்கிருந்து வருகிற சரக்கு லாரிகள் பலவும் இந்த வழியாக ஓடுகின்றன. கண்டெய்னர் லாரி, உப்பு லாரி, ஜல்லி ஏற்றிய டிப்பர், காற்றாலை இறக்கையைச் சுமந்து ஊர்ந்து போகும் நீண்ட டிரெய்லர் எல்லாவற்றையும் ஒரே மணி நேரத்தில் இங்கே பார்த்துவிடலாம்.

இப்படிப்பட்ட சாலையில் முன்கண்ணாடியில் கல் தெறிப்பது அன்றாட நடப்பு. டிப்பரின் பின்பக்க ஜோடி டயருக்கு நடுவில் ஒரு ஜல்லித் துண்டு சிக்கிக்கொள்கிறது, அல்லது டயர் பட்டன் இடுக்கில் உட்கார்ந்துகொள்கிறது. டயர் சுழலச் சுழல அது தளர்ந்து தூக்கி எறியப்படுகிறது. கல் வந்து நம் மேல் மோதியது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் கல் காற்றில் எழும்பி நிற்கும் நேரத்தில் நம் வண்டி போய் அதில் மோதுகிறது. மோதும் வேகத்தில் பெரும்பங்கு நம்முடையது.

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு நொடிக்கு 25 மீட்டர் கடக்கிறது. அந்த வேகத்தில் 5 கிராம் எடையுள்ள கல்லில் மோதினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 1.6 ஜூல். ஒரு கிலோ படிக்கல்லை ஒரு சாண் உயரத்துக்குச் சற்றுக் குறைவான இடத்திலிருந்து போட்டால் வரும் ஆற்றல்தான் அது. பெரிதில்லை. ஆனால் ஜல்லியின் கூர்முனை கண்ணாடியைத் தொடும் பரப்பு ஊசிமுனை அளவு. அத்தனை ஆற்றலும் அந்த ஒரு புள்ளியில் இறங்குகிறது. ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. 60இல் போகிறவனைவிட 90இல் போகிறவனுக்கு அடி இரண்டேகால் மடங்கு.

விழுந்த இடத்தில் என்ன நடக்கிறது? மின்காந்த அலைகளைக் கண்டறிந்து பெயர் பெற்ற அதே ஹைன்ரிக் ஹெர்ட்ஸ், 1880களின் தொடக்கத்தில், இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞராக, இரண்டு வளைந்த கண்ணாடிகளை ஒன்றோடொன்று அழுத்தினால் தொடும் இடத்தில் எவ்வளவு விசை எப்படிப் பரவும் என்று கணக்குப் போட்டார். அழுத்தும் பொருளுக்கு நேர் கீழே கண்ணாடி நசுங்குகிறது. நசுக்கலைக் கண்ணாடி நன்றாகத் தாங்கும். தொடும் வட்டத்தின் விளிம்பையொட்டி மேற்பரப்பு இழுபடுகிறது. இழுவையைத்தான் அது தாங்காது. அந்த வட்டத்தில் வெடிப்பு பிறந்து, கீழே போகப் போக அகன்று, ஒரு கூம்பாக இறங்குகிறது. மேலே மிளகளவு குழியும் உள்ளே சிறு நாணய அளவு வட்டமுமாகத் தெரியும் தெறிப்பு இந்தக் கூம்புதான். கல் கூர்மையாக இருந்தால் கூம்போடு சேர்ந்து பக்கவாட்டில் கால்களும் ஓடும். பட்டறைக்காரர்கள் அதை ஸ்டார் என்கிறார்கள்.

நல்லவேளையாகக் கூம்பு முழுக் கண்ணாடியையும் துளைப்பதில்லை. முன்கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி அல்ல. ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு கண்ணாடித் தகடுகள். நடுவில் முக்கால் மில்லிமீட்டர் அளவில் பாலிவினைல் பியூட்டிரால் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக் படலம். இந்த யோசனைக்கு வித்திட்டவர் எதுவார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சு வேதியியலர். 1903இல் அவரது ஆய்வகத்தில் கீழே விழுந்த குடுவை ஒன்று விரிசல் விட்டும் சிதறவில்லை. உள்ளே முன்பு இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் காய்ந்து படலமாகி, துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. 1909இல் அவர் காப்புரிமை பெற்றார். இந்திய மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100ஆம் விதியும் முன்கண்ணாடி இப்படி அடுக்குக் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்கிறது. பக்கவாட்டுக் கதவுக் கண்ணாடி பெரும்பாலும் வேறு ரகம். சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்து இறுக்கியது. அதில் வெடிப்பு உள்ளடுக்கைத் தொட்டால் மொத்தமும் பொடிக் கற்களாகக் கொட்டிவிடும். வெடிப்பில் ரெசின் என்ற திரவத்தை நிரப்பி அடைக்கும் வேலை அதில் நடக்காது. முன்கண்ணாடியில் வெளித்தகடு மட்டும் உடைந்து, படலமும் உள்தகடும் முழுசாக இருக்கும்போதுதான் சரிசெய்ய ஏதோ மிச்சம் இருக்கிறது.

"ஒரு புள்ளிதானேண்ணே, பெறகு பாத்துக்கிடுவோம்" என்று சொல்லாத ஓட்டுநர் குறைவு. இந்த அத்தியாயத்தை எழுத வைத்ததே அந்தப் "பெறகு"தான்.

துணிக்கடையில் பார்த்திருப்பீர்கள். மல்லுத் துணியின் ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு வைத்துவிட்டு, கடைக்காரர் இரண்டு கையாலும் இழுத்தால் நேராகக் கிழிந்துகொண்டே போகும். வெட்டு வைக்காமல் இழுத்தால் பயில்வானுக்கும் கிழியாது. இழுக்கும் விசை முழுவதும் வெட்டின் நுனியில் போய்க் குவிவதுதான் காரணம். கண்ணாடிக்கும் இதே கணக்கு என்று 1913இல் பொறியாளர் இங்கிலிஸ் காட்டினார். வெடிப்பு எவ்வளவு நீளமோ, அதன் நுனி எவ்வளவு கூர்மையோ, அவ்வளவுக்கு அங்கே விசை பெருகும். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ வானூர்தி ஆய்வகத்தில் இருந்த ஏ.ஏ. கிரிஃபித் 1921இல் வெளியான கட்டுரையில் இதை ஆற்றல் கணக்காக மாற்றினார். வெடிப்பு ஓட வேண்டுமானால் புதிய பரப்பு உண்டாக வேண்டும். புதிய பரப்பை உண்டாக்க ஆற்றல் வேண்டும். இழுபட்ட கண்ணாடி விடுவிக்கும் ஆற்றல் அதற்குப் போதுமானால் வெடிப்பு ஓடும், போதாவிட்டால் நிற்கும். அணுப்பிணைப்புகளை வைத்துக் கணக்கிட்டால் கண்ணாடி ஆயிரக்கணக்கான மெகாபாஸ்கல் இழுவையைத் தாங்க வேண்டும். நாம் அன்றாடம் கையாளும் கண்ணாடி சில பத்து மெகாபாஸ்கலிலேயே உடைகிறது. கண்ணுக்குத் தெரியாத கீறல்களே இந்த இடைவெளிக்குக் காரணம் என்று கிரிஃபித் சொன்னார். இங்கே கண்ணுக்குத் தெரிகிற கூம்பே இருக்கிறது.

இப்போது சித்திரை வெயிலை நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்குச்சாலையில் மதியம் நிறுத்திவைத்த காரின் கண்ணாடியைத் தொட முடியாது. ஏறி உட்கார்ந்ததும் ஏசியை முழுதாகத் திருப்பி, காற்றைக் கண்ணாடிப் பக்கம் விடுகிறோம். சிலர் தூசியைக் கழுவப் பாட்டில் தண்ணீரை மேலே ஊற்றுகிறார்கள். ஓரிடம் மற்ற இடத்தைவிட 30 பாகை திடீரெனக் குளிர்ந்தால் அங்கே ஏறத்தாழ 24 மெகாபாஸ்கல் அளவுக்கு இழுவை வரக்கூடும். முழுசான கண்ணாடி அதைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். கூம்பும் காலும் உள்ள கண்ணாடியில் ஒரு கால் கிளம்பி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுகோடிக்கு ஓடிவிடும்.

வெயிலைவிட மெதுவான, மறைவான எதிரி ஈரம். சுண்ணச்சோடாக் கண்ணாடியில் வெடிப்பு நகரும் வேகம் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தைப் பொறுத்துப் பல மடங்கு மாறுவதை 1967இல் அமெரிக்க ஆய்வாளர் ஷெல்டன் வீடர்ஹார்ன் அளந்து காட்டினார். கண்ணாடியின் எலும்புக்கூடு சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த வலை. வெடிப்பின் நுனியில் இந்தப் பிணைப்புகள் ஏற்கெனவே இழுபட்டு நிற்கின்றன. அங்கே ஒரு நீர் மூலக்கூறு வந்தால் பிணைப்பை வெட்டி, வெட்டிய இரு முனைகளிலும் தன் பாதிகளை ஒட்டிவிடுகிறது. நுனி ஓரணு தூரம் முன்னேறுகிறது. அடுத்த நீர் மூலக்கூறு வருகிறது. கல் அடித்த நொடியில் நின்றுவிட்டதாக நாம் நினைத்த உடைப்பு, இரவுப் பனியிலும் கடல் காற்றிலும் ஐப்பசி மழையிலும் நடந்துகொண்டேதான் இருக்கிறது. வண்டி கொட்டகையில் நின்றாலும் நடக்கிறது.

ஈரத்தோடு கரிசலின் தூசியும் சேர்கிறது. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கும் காற்று காற்றாலைகளைச் சுற்றுவதோடு காய்ந்த காட்டின் மேல் மண்ணையும் அள்ளிக்கொண்டு வருகிறது. கரிசல் மண்ணில் களித்துகள் அதிகம். களி என்று மண்ணியலார் வகைப்படுத்தும் துகளின் அளவே இரண்டு மைக்ரோமீட்டருக்குக் கீழ். ஒரு தலைமுடியின் தடிமனில் அதைப் பல பத்து வரிசை அடுக்கலாம். கூம்பின் வாய்க்குள் அது மிகச் சாதாரணமாக நுழையும். நுழைந்தபின் ஈரத்தை உறிஞ்சி உப்பி ஒட்டிக்கொள்ளும். பழைய தெறிப்புகளின் நடுவில் பழுப்பும் கருப்புமாக ஒரு கறை தெரிவது அதனால்தான். அந்தக் கறையை எந்த ரெசினும் மறைக்காது.

சரிசெய்வது என்றால் அந்தக் கூம்பிலும் கால்களிலும் உள்ள காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றி, அந்த இடத்தில் கண்ணாடியைப் போலவே ஒளியை வளைக்கும் ரெசினை நிரப்பி, அதைக் கெட்டியாக்குவது. இதை ஒரு தொழிலாக ஆக்கிய முன்னோடிகள் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 1972இல் தொடங்கினார்கள். கருவிகள் அதன்பின் மெருகேறியிருக்கின்றன. அடிப்படை அப்படியே இருக்கிறது.

வேலை கற்க வரும் பையனுக்கு முதல் பாடம் கையை வைக்காமல் பார்ப்பது. பட்டறையில் மூத்தவர் ஒரு பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்து, "தொடாத தம்பி, மொதல்ல எத்தன காலு ஓடியிருக்குன்னு எண்ணு" என்பார். வெடிப்பு ஏன் கருப்பாகத் தெரிகிறது என்பது அப்போதுதான் புரியத் தொடங்கும். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.52, காற்றுக்கு 1. கண்ணாடிக்குள்ளிருந்து காற்றிடைவெளியை 41 பாகைக்கு மேல் சாய்வாகத் தொடும் ஒளி வெளியேற முடியாமல் முழுதாகத் திரும்பிவிடுகிறது. நம் கண்ணுக்கு வர வேண்டிய ஒளி வேறு பக்கம் போவதால் அந்த இடம் இருட்டாகிறது. நேராக விழும் ஒளியிலும் ஒவ்வொரு பரப்பிலும் 4 விழுக்காட்டுக்கு மேல் திரும்புகிறது. ரெசினின் ஒளிவிலகல் எண் 1.50 என்று வைத்துக்கொண்டால், அது நிரம்பியபின் திரும்பும் ஒளி அதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. வெடிப்பு அங்கேயேதான் இருக்கிறது. ஒளிக்கு அது தெரியாமல் போகிறது.

கால்களின் நுனியில் சில சமயம் வானவில் நிறங்கள் தெரியும். இதை நான் மிக அழகான அளவுகோல் என்பேன். இரு பரப்புகளுக்கு நடுவேயுள்ள இடைவெளி ஒளியின் அலைநீளத்தை ஒத்த அளவுக்குச் சிறுத்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. மைக்ரோமீட்டர் அளவி இல்லாத பட்டறையிலும், நிறம் தெரிகிற இடத்தில் இடைவெளி ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டருக்குள்தான் என்று சொல்லிவிடலாம். அங்கே ரெசின் போய்ச் சேர நேரமாகும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

அடுத்தது குழியின் வாயைச் சுத்தம் செய்வது. கூர்மையான ஊசிக் கருவியால் கண்ணாடிப் பொடியைக் கிளறி எடுக்க வேண்டும். தண்ணீர் கூடாது. ஈரம் இருந்தால் மெதுவாகச் சூடேற்றி ஓட்டிவிட்டு, கண்ணாடி கைச்சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு உறிஞ்சு கிண்ணத்தால் கண்ணாடியில் பிடித்து நிற்கும் சிறிய தாங்கியைப் பொருத்தி, அதன் நடுவிலுள்ள திருகு குழாயின் ரப்பர் வாய் சரியாகக் குழியின் மேல் உட்காரும்படி இறக்க வேண்டும். குழாய்க்குள் சில சொட்டு ரெசின். திருகைப் பின்னுக்கு இழுத்தால் உள்ளே வெற்றிடம். முன்னுக்குத் திருகினால் அழுத்தம்.

புதிதாகக் கற்பவர்கள் பலரும் நேராக அழுத்தத்துக்குப் போய்விடுகிறார்கள். திரவத்தைத் தள்ளினால் போய்விடும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் உள்ளே முட்டுச்சந்தில் சிக்கிய காற்று எங்கே போகும்? இரண்டு வளிமண்டல அழுத்தம் கொடுத்தால் பாயில் விதிப்படி அது பாதியாகச் சுருங்கும், அவ்வளவுதான். அழுத்தத்தை எடுத்ததும் மறுபடி விரியும். முதலில் வெற்றிடம் வைத்து உள்ளிருக்கும் காற்றைப் பத்தில் ஒரு பங்காக்கிவிட்டு அதே அழுத்தத்தைக் கொடுத்தால், மிச்சக் காற்று தொடக்க அளவில் இருபதில் ஒரு பங்குக்குச் சுருங்கும். மறுபடி வெற்றிடம், மறுபடி அழுத்தம். வெற்றிடம் வைக்கும்போது குழியின் வாயிலிருந்து பொடிக் குமிழிகள் ரெசின் வழியே மேலேறி வரும். அது நிற்கும்வரை விடக் கூடாது.

கடைசிக் கட்டத்தில் திருகைவிடத் திரவத்தின் சொந்தக் குணமே அதிகம் வேலை செய்கிறது. ஒரு மைக்ரோமீட்டர் இடைவெளியில் நுண்புழை விசை ரெசினை இழுக்கும் அழுத்தம் ஏறத்தாழ முக்கால் வளிமண்டலத்துக்கு வரும். ஆனால் இடைவெளி குறுகக் குறுகப் பிசுக்கின் தடையும் கூடுகிறது. எட்வர்டு வாஷ்பர்ன் 1921இல் தந்த சமன்பாட்டின்படி, இழுவை கூடினாலும் தடை அதைவிடக் கூடுவதால், குறுகிய இடைவெளியில் திரவம் மெதுவாகத்தான் போகும். அதிலும் இரண்டு மடங்கு தூரத்துக்கு நான்கு மடங்கு நேரம் கேட்கும். கால்களுக்கு நீர்த்த ரெசினும் மேல் குழிக்குக் கெட்டியான ரெசினும் வைத்திருப்பதன் கணக்கு இதுதான். வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடியின் உட்பக்கத்தை விரலால் மிக லேசாக அழுத்தினால் கால்கள் ஒரு மயிரிழை திறந்து கொடுக்கும். அந்த நேரத்தில் ரெசின் போவதைக் கண்ணால் பார்க்கலாம். கருத்த வட்டத்தின் நடுவிலிருந்து தெளிவு கிளம்பி, ஓரத்தை நோக்கி நெளிநெளியாக நகர்ந்து, ஒவ்வொரு காலுக்குள்ளும் தனித்தனியாக நுழையும். ஒரு கால் மட்டும் பிடிவாதமாகக் கருப்பாக நிற்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் அதன் நுனியிலுள்ள வானவில் ஒரு கணத்தில் அணையும். நிரம்பிவிட்டது என்று பொருள்.

நிரப்பியதைக் கெட்டியாக்குவது புற ஊதா ஒளி. ரெசினில் அக்ரிலேட் மூலக்கூறுகளோடு ஒளிதூண்டி ஒன்றும் கலந்திருக்கும். 365 நானோமீட்டர் அளவிலான ஒளி பட்டதும் தூண்டி உடைந்து, அக்ரிலேட்டுகளைச் சங்கிலியாகக் கோக்கத் தொடங்குகிறது. விளக்கை வெளிப்பக்கமிருந்துதான் காட்ட வேண்டும். நடுப்படலம் புற ஊதாவைப் பெருமளவு விழுங்கிவிடுவதால் வண்டிக்குள்ளிருந்து காட்டினால் ரெசினுக்கு எதுவும் வந்து சேராது. குழியின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் வில்லை ஒன்றை ஒட்டி மூடுவதும் அலங்காரத்துக்கு அல்ல. காற்றிலுள்ள ஆக்சிஜன் சங்கிலி வளர்வதைத் தடுத்துவிடும். மூடாத பரப்பு பிசுபிசுப்பாகவே நின்றுபோகும். கெட்டியாகும்போது ரெசின் சிறிது சுருங்குவதால் ஒரு சொட்டு கூடுதலாக வைத்து, பிறகு சவர பிளேடைக் கண்ணாடிக்குச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டிச் சமன்படுத்த வேண்டும்.

ஓட்டப்பிடாரம் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒன்பது பாகை வடக்கே இருக்கிறது. இங்கே சூரியனே பெரிய புற ஊதா விளக்கு. வெட்டவெளியில் வேலை செய்தால் கால்களுக்குள் போகும் முன்பே ரெசின் வாயிலேயே இறுகிவிடும். வேப்பமர நிழலும் போதாது. வானத்திலிருந்து சிதறிவரும் ஒளியில் புற ஊதா உண்டு. தகரக் கொட்டகைக்குள் வண்டியை விட்டு, கண்ணாடி சூடு தணிந்தபின், வேலை முடியும்வரை மேலே அட்டை போட்டு மறைத்துச் செய்வதே முறை.

கற்பதற்குப் பழைய கண்ணாடி போதும். பழைய இரும்புக் கடையிலும் பாடி கட்டும் பட்டறையிலும் கழித்துப் போட்ட முன்கண்ணாடிகள் கிடக்கும். கூர்முனை உளியால் தட்டித் தட்டித் தெறிப்புகளை உண்டாக்கி அதில் பழகலாம். கோவில்பட்டியில் இயந்திர வேலை கற்ற பிள்ளைகளுக்கு இந்தக் கைநுணுக்கம் எளிதில் வரும். இதற்கு வேண்டிய முதல் சின்னது, பொறுமைதான் பெரியது.

எதைத் தொடக் கூடாது என்று தெரிவது தொழிலின் மறுபாதி. பிரிட்டனின் ஆண்டுச் சோதனையில் ஸ்டியரிங்குக்கு நேராக 290 மில்லிமீட்டர் அகலப் பட்டையில் 10 மில்லிமீட்டரைத் தாண்டிய சேதம் இருந்தால் வண்டி தேறாது. நல்ல அளவுகோல் அது. எவ்வளவு திறமையாக நிரப்பினாலும் மங்கலான ஒரு தடம் மிஞ்சும். இரவில் எதிர்வண்டி விளக்கு அதில் பட்டுச் சிதறும். ஓட்டுநரின் நேர்ப்பார்வையில் பெரிய தெறிப்பு இருந்தால் கண்ணாடியை மாற்றச் சொல்வதுதான் நேர்மை. விளிம்பை ஒட்டிய வெடிப்பு, இரண்டு தகடும் உடைந்தது, புதிய கார்களில் பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராவுக்கு முன்னால் விழுந்தது ஆகியவையும் அப்படியே. ரெசின் கண்ணாடியின் விறைப்பில் சிறு பங்குதான் கொண்டது. அது நுனி திறக்காமல் பிடித்து நிறுத்துகிறது, நீரை உள்ளே விடாமல் அடைக்கிறது. உடையாத கண்ணாடியாக அதை மாற்றித் தருவதில்லை. வாடிக்கையாளரிடம் இதை வேலைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு: டேஷ்போர்டு பெட்டியில் ஒரு செலோடேப் வைத்திருங்கள். கல் பட்டதும் ஓரமாக நிறுத்தி, துணியால் துடைத்துவிட்டு, தெறிப்பின் மேல் ஒரு துண்டு ஒட்டுங்கள். உடனடிப் பசை எதையும் ஊற்றாதீர்கள். அது வாயிலேயே இறுகி, பின்னால் வரும் ரெசினுக்கும் வழியை அடைத்துவிடும். ஏசியின் காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பிவிடுங்கள், சூடான கண்ணாடியில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுத்த மழைக்கு முன்னால் பட்டறைக்குப் போய்விடுங்கள்.